அறுபது கடைவாய்ப் பற்கள்

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
ஒரு வேர் சிகிச்சைக்கு நாலாயிரம் வாங்குகிறேன்,
பீபீகுளத்தில், மாடியில்.
ஆக, அறுபது பேரின் கடைவாய்
இந்தத் தோலுக்குள் இருக்கிறது.
அறுபது பேர் வாயைத் திறந்தபடி
என் கூரையின் ஒற்றைப் பல்லியைப்
பார்த்துக் கிடந்திருக்கிறார்கள்.

ஷெரின் துபாயிலிருந்து சொல்கிறாள்:
அதே பை இப்போது மூன்றேகால் லட்சம்.
வாங்கினவள் புத்திசாலி. பத்திரமாக வை,
தங்கம் மாதிரி.

தங்கமா.
தெற்காவணி மூல வீதிக்கு வளையல் மாற்றப் போன நாள்
கடைக்காரர் பையின் கொக்கியை நகத்தால் சுரண்டி
"முலாம், மேடம்" என்றார்.
நான் கேட்கவே இல்லை.

பதினான்காம் மாதம்
தோள்வார் ஓரத்தில் தையல் விட்டது.
கம்பெனிக்கு எழுதினேன்.
மும்பைக்கு அனுப்பச் சொன்னார்கள்,
பதினெட்டாயிரம், எட்டு வாரம்,
அன்புடன் என்று முடித்திருந்தார்கள்.
நாலரைப் பல்.

ஐப்பசி மழை. கார் ஒர்க்‌ஷாப்பில்.
தேனியில் அத்தை மகளுக்கு வளைகாப்பு.
ஆரப்பாளையத்தில் கம்பம் வண்டி நுழையும்போதே
ஜன்னல் வழியே துண்டு போட்டவருக்கு ஒரு சீட்டு,
கர்சீப் போட்டவருக்கு ஒரு சீட்டு,
பாதி குடித்த தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ஒரு சீட்டு.
நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு
கடைசியாக ஏறினேன்.
எறியக்கூடிய பையாக வாங்கியிருக்கலாம்.

காளவாசல் தாண்டியதும்
"குடுங்க, மடியில வச்சுக்கிறேன்,
நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் தூக்கிட்டு வருவீக."

கொடுத்துவிட்டேன்.
பாத்திரம் தேய்க்க வரும் செல்வராணியை
இதைத் தூசி தட்டக்கூட விட்டதில்லை.
இப்போது அதன் மேல் ஒரு காரச்சேவுப் பொட்டலம்,
எண்ணெய் கசிந்த தாள்,
அதன் மேல் அவள் முழங்கை.

"எங்க எடுத்தீக? விளக்குத்தூண் பக்கமா?
முன்னூறு சொல்லியிருப்பானே."
"முன்னூத்தம்பது" என்றேன்.
"ஏமாத்திப்புட்டான்."
மறுத்துப் பேச
என்னிடம் எதுவும் இல்லை.

நாகமலை மழையில் தெரியவில்லை.
விரலால் தடவியே தையல் விட்ட இடத்தைக்
கண்டுபிடித்துவிட்டாள்.
பர்சிலிருந்து ஊசி வந்தது, நூல் சுற்றிய அட்டை வந்தது.
"காப்பிக் கலர் இல்ல. பச்சதான். பரவாயில்லையா?"
நான் பதில் யோசிப்பதற்குள்
வண்டி செக்கானூரணியில் நின்றது.
நின்ற அந்த இரண்டு நிமிடத்தில்
ஏழு தையல்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
அப்போதுதான் பார்த்தேன்:
மேல் முன்பல்லின் விளிம்பில் சின்னதாய் ஒரு வெட்டு.
வருடக்கணக்காய் நூல் கடிப்பவர்களுக்கு விழுவது.
பாடப்புத்தகத்தில் படம் இருக்கும்.
அரைமணி நேர வேலை, மயக்க ஊசிகூட வேண்டாம்.
எப்படிச் சொல்வது என்று
வார்த்தையைத் தேடிக்கொண்டே வந்தேன்,
உசிலம்பட்டி வந்துவிட்டது.

"ஏ ஒச்சம்மா, எறங்கலையா?" முன்னாலிருந்து ஒரு குரல்.
எழுந்தாள். நின்றிருந்த நாலு பேர்
அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்தார்கள்.
அவள் என் பையைச் சீட்டில் வைத்து
"ஆள் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு
காரச்சேவோடு மழையில் இறங்கினாள்.

யாரும் உட்காரவில்லை.
முதல்முறையாக அந்தப் பை
ஒரு துண்டின் வேலையைப் பார்த்தது.

ஷெரினுக்குப் படம் அனுப்பியிருந்தேன்.
ராத்திரி அழைத்தாள்.
அசல் தையல் இல்லையென்றால் நாற்பதாயிரம் குறையும்,
எவளும் வாங்க மாட்டாள்,
அந்தப் பச்சையை முதலில் வெட்டி எடு.
எண்ணெய்க் கறையை அவள் இன்னும் கவனிக்கவில்லை.

கத்தரிக்கோல் மேசை மேல்தான் இருக்கிறது.
பத்துப் பல், என்று கணக்குப் போட்டபடி
நூலை இழுத்துப் பார்க்கிறேன்.
அசையவில்லை.
இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கிறேன்.