எடுக்கும் வரை

திருநெல்வேலி. இரவு பத்தேகால்.
நாற்பத்தொரு விடைத்தாள் முடிந்துவிட்டது.
சிவப்புப் பேனை மங்க
வேறொன்று தேடி எடுத்தேன்.

மூன்றாம் வினா:
ஐ.நா. சாசனத்தின் ஐம்பத்தோராம் உறுப்புரை
அரசொன்றுக்கு அளிக்கும் தற்காப்புரிமையை ஆராய்க.
இருபது புள்ளி.

எல்லாரும் ஒரே குறிப்பைத்தான் கக்கியிருந்தார்கள்.
நயாகரா ஆற்றில் கொளுத்திய கப்பல்,
யோசிக்கவும் நேரம் தராத அவசியம்,
அடிக்கு அளவான பதிலடி,
பாதுகாப்புச் சபைக்கு உடன் அறிக்கை.
என்னுடைய குறிப்பு. ஒன்பது வருஷமாக
ஒரு கமா மாற்றாமல் வாசிக்கிறேன்.

சுட்டெண் 0417-உம் ஒழுங்காகத்தான் தொடங்கியது.
'இயல்பான உரிமை' என்பதன் கீழ் இரண்டு கோடு.
பிறகு ஒரு சொல்லில் தடுக்கி
அங்கேயே குந்திவிட்டது:

"சபை நடவடிக்கை எடுக்கும் வரை என்கிறது சாசனம்.
ஆக, நாடுகளின் ஆகப் பெரிய உரிமைக்கும்
ஒரு 'வரை' உண்டு.
எமது அரசியலமைப்பில் பதினைந்தாம் உறுப்புரை, ஏழாம் பந்தி
தேசிய பாதுகாப்புக்காக எம் உரிமைகளை
மட்டுப்படுத்தலாம் என்கிறது.
அங்கே 'வரை'யைத் தேடினேன். காணவில்லை.
போர் முடிந்தபோது எனக்கு ஆறு வயது.
மயிலிட்டியில் எங்கள் கிணற்றை
முள்ளுக்கம்பி இன்னும் தற்காத்துக்கொண்டிருக்கிறது.
யாரிடமிருந்து என்று
அது எந்தச் சபைக்கும் அறிக்கையிடவில்லை."

அதன் கீழே அரைப்பக்கத்துக்கு ஒரு படம்.
கிணறு, துலாக்கால், வள்ளம் இழுத்த தடம், காவலரண்.
ஒரு சதமமீற்றருக்கு ஐந்து மீற்றர் என்று
அளவுத்திட்டமும் போட்டுக் கிடந்தது.
வினா வரையச் சொல்லவில்லை.
'வரை' என்ற சொல்லே சொல்லிவிட்டதாக்கும்.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
எங்களைக் காக்கவென்று சொல்லி
ஒருக்கால் பெடியளும் வந்து
பின்வளவுத் தென்னைகளைக் கேட்டவை, பதுங்குகுழிக்கு.
ஐயா பதினேழு மரம் குடுத்தவர்.
எதுவரை என்று அவரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாமா
என்பது வேற வினா.

புள்ளித்திட்டத்தில் கிணறு இல்லை.
பதின்மூன்று போட்டேன். வெட்டினேன். பதினாறு.
ஓரத்தில் 'ஆதாரம் தருக' என்று எழுதி
அதையும் வெட்டினேன்.

இரண்டாம் பரீட்சகர் கலாநிதி சுகுணானந்தன்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்,
சட்டம் எங்கே, படம் எதற்கு என்பார்.
மறுமொழி தேடி மறுபடி பார்த்தால்,
படத்தில் வடக்கு எதுவென்று குறிக்கப்படவில்லை.

அதற்கு மட்டும்
அரைப்புள்ளி குறைத்தேன்.