வழமைக்கு மாறான கல்

கடைவாயில் கல் கடிபட்ட சத்தம்
எனக்கு மட்டும்தான் கேட்டது.
கடாட்சம் எதிரே இருந்து
பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.
பல்லின் பாதி கையில் வந்தது.
மிச்சத்தைச் சோற்றோடு தொட்டிக்குள் துப்பி
வாய் கொப்பளித்துக்
குழாயைத் திறந்துவிட்டேன்.
கல் ஆரே ஆற்றுக்குப் போய் எட்டு மாதம்.

இந்த நாட்டில்
பல்லுக்குக் காப்புறுதி இல்லை.
பல் விபத்துக்கு உண்டு.
என் பல் சும்மா உடைந்ததா
விபத்தில் உடைந்ததா என்பது
டொக்டர் ஹூக்கின் கணக்குப்படி
மூவாயிரத்து எண்ணூறு பிராங் கேள்வி.

படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரண்டு மெஷினும் சுற்றி முடிகிற இடைவெளியில்
பத்தொன்பது வருஷத்து ஜெர்மனில்:
"சோற்றில், அநேகமாக, ஒரு கல்."
கண்ணால் காணாததை
அடித்துச் சொல்லக் கூடாதென்று
மரியாதைக்குப் போட்ட அநேகமாக.

அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.
திருமதி ஏஷ்லிமன் கையொப்பத்தோடு
இரண்டு பக்கம்.
அநேகமாக என்பது போதாது.
கடித்த பொருள் எங்கே?
மேலும், விபத்தென்றால்
வழமைக்கு மாறான புறக்காரணி ஒன்று வேண்டும்.
தங்கள் சமையலில்
அரிசிக்குள் கல் கிடப்பது வழமையா?
தயவுசெய்து தெரியப்படுத்தவும்.

இரண்டுதரம் வாசித்தேன்.
மூன்றாந்தரம் சிரிப்பு வந்தது.
உடைந்த ஓரம் நாக்கைக் கிழிக்க
நிறுத்திக்கொண்டேன்.

வழமை என்று எழுதினால் காசில்லை.
வழமையில்லை என்றால்
காசும் வரும், எங்கள் அடுப்புக்கு ஒரு பெயரும் வரும்.
ஆனால் ஸ்டேஷனுக்குப் பின்னால் தமிழ்க் கடையில்
வாங்குகிற ஐந்து கிலோப் பையில்
"கல் நீக்கியது" என்று அச்சடித்திருக்கிறான்.
இருந்தால்தானே நீக்குவது
என்று ஏஷ்லிமன் கேட்பாள்.
அவள் கேட்கவில்லை.
விடிய மூன்று மணிக்கு
நான்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சாட்சி ஒருவர் எழுதித் தரலாமாம்.
"அரிசியை அரித்துத்தான் போட்டேன்" என்று
கடாட்சம் எழுதவேண்டும், ஒரே ஒரு வரி.
பேனையை வாங்கினார்.
மூடியைக் கழற்றினார்.
திரும்பப் பூட்டினார்.
"அண்டைக்கு அரிக்கேல்லை.
வேலையால வந்த களைப்பு,
அப்பிடியே உலையில போட்டிட்டன்."

எட்டு மாதமாய்
அவர் வாய்க்குள் கிடந்திருக்கிறது.
சோறு ஏன் இத்தனை நாளும்
கஞ்சிபோலக் குழைந்து வந்ததென்று
அப்போதுதான் விளங்கியது.

மறுப்பு எழுத முப்பது நாள் தவணை.
இன்று இருபத்தாறு.
ஒவ்வொரு பின்னேரமும்
அரிசியைத் தட்டில் பரப்பித் தேடுகிறேன்.
அகப்பட்டால், வழமை.
அகப்படாவிட்டால் அத்தாட்சி இல்லை.
தேடாமலும் இருக்க ஏலவில்லை.
வெளியே ஓல்ட்டன் முழுக்கப் பனிமூட்டம்.
எந்த ரயில் பிந்தியதென்று
யாரோ ஒரு பெண் மூட்டத்துக்குள் நின்று
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஒன்று அகப்பட்டது.
உழுந்தளவு. வெள்ளை. ஒருபக்கம் கூர்.
அவர் கண்டார்.
அவர் கண்டதை நானும் கண்டேன்.
எறிவதா வைப்பதா என்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மருந்துப் போத்தல் மூடியில்
யன்னல் ஓரமாய் இருக்கிறது.

இன்று வேலையால் வந்து
கோட்டைக் கழற்றாமலே எழுதத் தொடங்கினேன்.
"மதிப்புக்குரிய திருமதி ஏஷ்லிமன்,
சோற்றில் ஒரு கல் இருந்தது."
அநேகமாக இல்லை.
அடுத்த வரி இன்னும் வரவில்லை.
நாக்கு போய்ப் போய்
அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது.
பதிவுத்தபால் கவுண்டர்
ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள்.