மாற்றாணை எண் 613

பஃபலோ குளிரில்
காங்கிரீட் இறுகாது, உறையும்.
நவம்பருக்குள் ஊற்றாததை
ஏப்ரலில்தான் ஊற்றலாம்.
இது தெரிந்தவர்கள் குழிக்குள் நின்றார்கள்.
கையெழுத்துப் போடுபவர்கள்
எட்டாவது மாடியில்.

நான் ஏழாவது மாடி.
மேலே போகும் காகிதங்களுக்கு
எண் போடுபவன்.
கதவு இடப்பக்கம் திறக்கிறது,
வலப்பக்கமாக்குக: எண் 88.
அதே கதவு, இடப்பக்கமே இருக்கட்டும்: எண் 141.
இரண்டுக்கும் பணம் கொடுத்தோம்.
கதவு இன்னும் வரவில்லை.

பாதை நாலு மைல், நிலையம் ஆறு,
ஆறும் ஆறு தினுசு.
ஒரு படிக்கட்டை வரைந்த கை
அடுத்த படிக்கட்டைக் கண்டதில்லை.
வரைந்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை.
அதைச் சரிபார்த்தவர்களும் இல்லை.
சரிபார்ப்பவர்களை மேற்பார்க்க
இன்னொரு கம்பெனி,
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
கடிகாரம் ஓட ஓடச் சம்பாதிப்பவனிடம்
நேரமாகிறது என்று
யார் போய்ச் சொல்வது?

அக்டோபர் பத்தொன்பது, பெய்லி தெருமுனை.
தோண்டும் இயந்திரத்தின் பல்லில்
ணங்.
எந்த வரைபடத்திலும் இல்லாத
வார்ப்பிரும்புக் குழாய்.
நூறு வருஷமாய் அதற்குள்
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

முன்பும் இப்படி ஒன்று, எண் 207.
ஒப்பந்தக்காரர் ஆலோசகருக்கு எழுத
ஆலோசகர் அவருடைய ஆலோசகருக்கு எழுத
நீர்வாரியம், எங்கள் குழாய்தானா
பார்த்துச் சொல்கிறோம் என்றது.
தொண்ணூற்றாறு நாள்
வாடகைக் கிரேன் ஒன்று
சும்மா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இம்முறை வாண்டா ஷிம்சாக் வந்தாள்.
எங்கள் சம்பளம் வாங்கும் எங்கள் பொறியாளர்
(அப்படி மொத்தமே மூன்று பேர்).
இரண்டு லட்சம் டாலர் வரை
யாரையும் கேட்க வேண்டாம் என்று
போன வசந்தத்தில் அவளுக்கு
ஒரு வரி கொடுத்திருந்தார்கள்.
அந்த ஒரு வரிக்குப் பதினொரு கூட்டம்.
பதினொன்றுக்கும் குறிப்பெடுத்தவன் நான்.

கடிதம் எழுதவில்லை, போன் போட்டாள்.
நீர்வாரியத்து டெல்மார் டகிள்
பாதி சாண்ட்விச்சோடு வந்து இறங்கினார்.
குழாயைத் தட்டிப் பார்த்தார்,
நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல.
எங்களுடையதுதான், என்றார்.
கேபிள் போகும் வழியை
இரண்டடி வடக்கே தள்ளினால்?
டேப்பைப் பிடித்தார்கள்.
ஒட்டுப்பலகைத் துண்டில்
பென்சிலால் ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே இரண்டு கையெழுத்து.
தள்ளு, என்றாள்.
நாற்பது நிமிஷம்.
சாண்ட்விச்சின் மிச்சத்தை
மேலே ஏறிவந்துதான் தின்றார்.

நவம்பர் எட்டில் தளம் போட்டார்கள்.
பதினாறில் விழுந்தது முதல் பனி.

ஒட்டுப்பலகை என் மேஜைக்கு வந்தது.
எந்தக் கோப்பிலும் அடங்கவில்லை,
சுவரில் சாய்த்து வைத்தேன்.
தணிக்கைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்:
மற்ற மூன்று கையெழுத்துகள் எங்கே?
வாண்டாவுக்கு அந்த வரி
அடுத்த வருஷமும் இருக்குமா, தெரியாது.
மாலையில் நான் பஸ் ஏறும் இடத்தில்
தற்காலிக நிறுத்தம் என்ற பலகை
துருப்பிடித்து
தற்காலி வரைதான் மிஞ்சியிருக்கிறது.

இன்று 613ஐக் கணினியில் ஏற்றினேன்.
முடிவெடுக்க ஆன நாட்கள்?
பூஜ்யம் என்று அடித்தேன்.
சிவப்பில் எழுதியது:
ஒன்றுக்குக் குறையாத எண்ணை இடவும்.
மறுபடி பூஜ்யம்.
மறுபடி சிவப்பு.

ஐந்தரை பஸ் போய்விடும்.
ஒன்று என்று
பொய் எழுதிவிட்டு
கோட்டை எடுத்துக்கொண்டேன்.