துண்டு

காற்று எந்தத் திசையில் அடித்தது என்று கேட்டார்கள்.
கையைக் காட்டினேன்.
டெல்லிக்காரர் அதை டிகிரியில் எழுதிக்கொண்டார்.

தளி ரோட்டில், தைல மரங்களுக்குப் பின்னால் இருக்கிற
ஓடுதளத்துக்கு நான் காவல்.
காவல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
மாடு வந்தால் ஓட்ட வேண்டும்.
ராகிக்கு இறங்கும் யானை இரவில்
வேலியைச் சாய்த்திருந்தால்
விடிந்ததும் ஆபீசுக்குப் போன் போட வேண்டும்.
கம்பத்தில் தொங்கும் காற்றுப்பை கிழிந்துவிட்டதென்று
இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.
மூன்றாவது முறை எழுதவில்லை,
கோணி ஊசியால் நானே தைத்தேன்.

அன்று ஏழரைக்கே பனி விலகிவிட்டது.
இரண்டு சீட்டு விமானம்,
பவர் டில்லர் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு
ஏரியைச் சுற்றித் திரும்பி வந்தது.
ஓட்டியவன் பெயர் இஷான் குல்கர்னி என்று
பிறகு பேப்பரில்தான் பார்த்தேன்.
தினமும் "வணக்கம் மல்லேசண்ணா" என்பான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டே வார்த்தை,
அதில் ஒன்று என் பெயர்.

ஓடுதளத்தின் நடுவில் அந்தச் செவலை நாய்.
குட்டிகளுக்கு வீடு மாற்றிக்கொண்டிருந்தது.
வாயில் கவ்வி வந்த ஒன்றை
வெள்ளைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு
அடுத்ததை எடுக்கத் திரும்பிப் போனது.
ஓடினேன். கத்தினேன்.
தோளில் கிடந்த துண்டை உருவித்
தலைக்கு மேல் சுழற்றினேன்.

நாய் பார்க்கவில்லை.
அவன் பார்த்தான்.

சக்கரம் தரையைத் தொட்டிருந்தது, சத்தியமாகத் தொட்டிருந்தது,
இரண்டு பொட்டாகத் தூசி எழுந்ததைப் பார்த்தேன்.
அப்புறம் இன்ஜின் அலறியது.
என் தலைக்கு மேலே ஏறியது வயிறு,
மூக்கு இன்னும் மேலே, இன்னும் மேலே.
இருட்டில், இல்லாத படியில் கால் வைத்தவன்
ஒரு கணம் நிற்பானே, அப்படி நின்று
இடப்பக்கம் சாய்ந்து
தைல மரத்து உச்சியை உரசிக்கொண்டு
முனிரத்தினம்மாவின் கொத்தமல்லித் தோட்டத்தில்.

தீ பிடிக்கவில்லை.
பெட்ரோலும் நசுங்கிய கொத்தமல்லியும் கலந்த வாசனை மட்டும்.
பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான்.
அவன் காதில் மாட்டியிருந்ததற்குள்
யாரோ அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமலே
நான் பதில் சொன்னேன்.

மூன்று நாள் பொறுக்கினார்கள்.
கதவு, கண்ணாடி, சக்கரத்தில் பாதி,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய மஞ்சள் அட்டை.
மொத்தம் அறுபத்துமூன்று துண்டு என்றார்
ஓசூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர்.
அறுபத்துநாலாவது என் தோளில் கிடந்தது.

மேகம் இருந்ததா என்று கேட்டார்கள்.
இன்ஜின் விக்கியதா என்று கேட்டார்கள்.
உன் கை எங்கே இருந்தது என்று மட்டும்
இந்தியிலும் கேட்கவில்லை, தமிழிலும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

எத்தனை செடி நஷ்டம் என்று முனிரத்தினம்மாவிடம் கேட்டதற்கு
"கொத்தமல்லியை யாராவது எண்ணுவாங்களா சாமி" என்று
பாத்திக் கணக்குச் சொன்னாள்.
பணம் வந்தது. மறுபடி விதைத்தாள்.
நாற்பதாம் நாள் கட்டுக் கட்டி லாரி ஏற்றினாள்.

குட்டிகள் நாலும் உயிரோடு இருக்கின்றன.
கோட்டின் மேல் கிடந்தது எது என்று தெரியாது,
நாலும் ஒரே செவலை.

கம்பத்தில் இப்போது புதுப் பை, ஆரஞ்சு நிறம்.
விமானம் இறங்கும்போதெல்லாம்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.
நாய் வந்தால் வாயால் விரட்டுவதோடு சரி.

துண்டை நாகவேணி துவைத்துக் கம்பியில் போடுகிறாள்.
அவளுக்குத் தெரியாது.
மத்தியானக் காற்றுக்கு அது எழுந்து
யாரையோ பார்த்து வீசுகிறது.
வா என்கிறதா, வராதே என்கிறதா,
கீழே நின்று பார்த்தால் தெரியவில்லை.