பதினோரு நாள்

மார்கழிக் கடைசி. மாட்டுத்தாவணியில்
மூட்டைக்கு மூட்டை வாழைநார்தான் கிடந்தது, மல்லி இல்லை.
தை முதல் முகூர்த்தத்துக்கு
கிலோ ரெண்டாயிரத்தைத் தாண்டும் என்று
என் மூக்குக்குத் தெரிந்தது.
தோட்டக்காரனுக்கு முன்பணம் கொடுக்கக்
கையில் காசில்லை.

கல்லாவுக்கு அடியில், பிஸ்கட் டப்பாவில்
ஷைனியின் செக் புத்தகம் இருந்தது.
சிறுநீரகம் கைவிட்ட வருடம்
லாரியை விற்று ஜெயசீலன்
மகள் பேருக்கு எழுதிவைத்த பணம்.
டிரஸ்டி ரெண்டு பேர்: நான் உக்கிரபாண்டி,
அவள் பெரியப்பா தேவசகாயம்.
அவர் அஞ்சு தாளில் முன்னதாகவே கையெழுத்திட்டுவிட்டுத்
திண்டுக்கல் போய்விட்டார்.
"ஒவ்வொண்ணுக்கும் பஸ் ஏற முடியுமா?
உம்ம மேல நம்பிக்கை இருக்குவே."
ரெண்டு கையெழுத்து கேட்பது
நாலு கண் பார்க்க என்று
ரெண்டு பேருக்குமே தெரியும்.

நாற்பதாயிரம் எடுத்தேன்.

வளையங்குளத்தில் ரெண்டு தோட்டம்.
பனி கருக்கவில்லை. மொட்டு வந்தது.
பதினோராம் நாள் முழுப் பணத்தையும் திரும்பக் கட்டினேன்.
சலானில் முத்திரை குத்திய பெண்
முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.
என் கையில் மிச்சம்
ஒன்பதாயிரத்து நானூறு.

யாருக்கும் நட்டமில்லை,
யாருக்கும் நட்டமில்லை என்று
பூ நிறுத்தும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேன்.
முள் நடுவில் நின்றது.
நான்தான் நிற்கவில்லை.

பத்திரம் பதிந்த அன்று வக்கீல் ரெஹானா
ஒரு வரியைப் பேனாவால் தட்டிக் காட்டியிருந்தார்:
விவரமான ஆள் தன் சொத்தைப் பார்ப்பதுபோல்
இதைப் பார்க்க வேண்டும்.
என் சொத்தை நான் பார்க்கிற லட்சணம்
ஊருக்கே தெரியும்.
வானத்தைப் பார்த்துப் பூ வாங்குகிறவன்,
ஒரே மழையில் பெண்டாட்டி வளையலை
அடகுக்கடை ஏற்றியவன்.
"என் காசு மாதிரி பாத்தா போதுமா மேடம்?"
"உங்களை மாதிரி இல்ல. விவரமான ஆள் மாதிரி."
அந்த ஆளை நான் இன்னும் சந்தித்ததில்லை.
மார்க்கெட் பக்கம் அவன் வருவதில்லை போல.

போனில் கேட்டேன், ஒரு சிநேகிதருக்காக என்று.
"நட்டமாகியிருந்தா அவர் கைக்காசு,
லாபம்னா அந்தப் புள்ளை காசு."
"அலைஞ்சதுக்குக் கூலி?"
"பத்திரத்துல எழுதியிருக்கா?"
எழுதவில்லை.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
"உங்க சிநேகிதர் எத்தனை நாள் வெச்சிருந்தார்?" என்றார்.

ராத்திரி பச்சை அட்டை நோட்டை எடுத்தேன்.
வாடகை, பள்ளிக்கூடம், செருப்பு, கண்ணாடி.
தேதி போட்டேன்.
வரவு என்று எழுதி
எதனால் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வட்டி என்று எழுதலாம், ரெண்டே எழுத்து.
ஷைனிக்கு இப்போது பன்னிரண்டு.
கூட்டல் தப்பினால் கடைக்காரரையே திருத்துகிற பிள்ளை.
என்றைக்காவது இந்த நோட்டைக் கேட்பாள்,
கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எழுதினேன்:
மல்லி முன்பணம். வளையங்குளம்.
கேட்காமல் எடுத்தது. பதினோரு நாள்.
லாபம் முழுவதும் ஷைனிக்கு.

மிச்சம் நாலு தாளையும் கிழித்துவிட்டுத்
திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன்.
"இந்த வயசுல என்னை அலையவிடுறீரே" என்று
அரைமணி நேரம் பேசினார்.
கேட்டுக்கொண்டேன்.
"வாரும் அண்ணாச்சி.
வந்து நோட்டைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்.
பஸ் டிக்கெட்டை மட்டும் தொலைச்சிராதீரும்,
அந்தச் செலவை எழுதலாம்."