செவ்வாய்க்கிழமைக் கணக்கு

சர்வே நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
காலை பதினொன்றரைக்கு.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை ஒப்பந்த ஆள் சென்னியப்பன் கையில்.
ரயில்வே கேட்டிலிருந்து காதர்பேட்டை வளைவு வரை
தெருக்கடை நாற்பத்தி மூன்று.
கொய்யா, கைக்குட்டை, செல்போன் உறை, குடை ரிப்பேர்,
சங்கிலி போட்டுப் பூட்டிய கம்பங்கூழ் வண்டி ஒன்று.
இதை எண்ணவா வேண்டாமா என்றார்.
அரை என்று போடுங்கண்ணா என்றேன்.
படிவத்தில் அரைக்கு இடமில்லை.

திருப்பூரில் செவ்வாய் காலை பதினொன்றரை என்பது
ஊரே தையல் மிசின்மேல் குனிந்திருக்கும் நேரம்.
தெருவில் நானும் வெயிலும் ஒரு கூரியர் பையனும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் பென்சிலைச் சீவினேன்.

கணினியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கு:
சாக்கடை நீலம், மின்கம்பம் சிவப்பு,
நடைபாதை சாம்பல்,
மரம் என்ற பேரில் பச்சை வட்டங்கள்.
அவற்றில் ஏழு மரம் இருக்கிறது,
மீதியை இனிமேல்தான் நட்டு, இனிமேல்தான் நிழல்.
கடைகளுக்குப் பாலத்துக்கு அக்கட்டால,
நொய்யல் கரையில்,
ஆறடிக்கு நாலடி, மஞ்சள் கோடு, நாற்பத்தி மூன்று கட்டம்.
காற்றோட்டமான இடம் என்று குறிப்பெழுதினேன்.
நாய்கூட வராத காற்றோட்டம்.

நாங்கள் யாரையும் விரட்டுவதில்லை.
கடைசியில் ஒரு 'ங்' சேர்த்து மரியாதையாக நகர்த்துவோம்.
சித்தே அக்கட்டால போங்.
அம்மணி, கூடையை அக்கட்டால வெச்சுக்கங்.
அக்கட்டாலைக்கும் அக்கட்டால என்ன இருக்கிறதென்று
நான் வரைந்ததே இல்லை.

பிறகு சனிக்கிழமை வந்தது. சம்பளக் கிழமை.
இரவு எட்டுக்குக் கம்பெனி கேட்டுகள் திறந்தன.
மகளுக்குச் சாக்ஸ் வாங்கப் போயிருந்தேன், டேப் இல்லாமல்.
சார்ஜர் விளக்குகளில் தெரு கொதித்துக்கொண்டிருந்தது:
காலர் கோணியது, கை நீளம் தப்பியது,
கப்பலைப் பார்க்காமலே திரும்பிவிட்ட பனியன் மலைகள்.
பானிபூரிக்கு ஒடியாவில் வரிசை.
மல்லிகைக்குப் பக்கத்தில் கருவாடு,
இரண்டுக்கும் சண்டையில்லை.
எண்ண ஆரம்பித்துவிட்டேன், தொழில் புத்தி.
இருநூற்றுப் பதினாறில் ஒருத்தி என் விரலைப் பார்த்துவிட்டாள்.
'என்னுங், எங்களையா எண்ணறீங்?'
விரலை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தெய்வாத்தாள் என்று பேர்.
அவளிடம் சரக்குப் பேசிக்கொண்டிருந்தவர்
கம்பாலாவிலிருந்து வந்த ஒகெல்லோ.
தமிழில் எண்கள் தெரியும், 'கொறைங்க' தெரியும்.
என் கழுத்து அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.
எங்க ஊர்லயும் வருவாங்க,
கழுத்தில் அட்டை, கையில் பெயின்ட் டப்பா.
குனிந்து அவள் தார்ப்பாயைத் தொட்டுக் காட்டினார்:
நாலு மூலையில் நாலு துளை, நாலு கயிறு,
நாலும் சேர்ந்து ஒரே முடிச்சு.
என் தங்கச்சி கடையிலும் இதே முடிச்சு, என்றார்.
யாரிடம் கற்றாள் என்று கேட்க வாயெடுத்தேன்.

தெருமுனையில் ஒரு விசில்.
ஒரே இழுப்பு.
கடை மூட்டையானது, மூட்டை தோளானது,
தோள் சந்துக்குள் போனது.
நான் நாலு எண்ணியிருப்பேன்.
லாரி மெதுவாக வந்தது, வெறுமையைப் பார்த்தது, போனது.
அந்த ஒரு நிமிடம் தெரு
அப்படியே என் வரைபடம் மாதிரி இருந்தது,
சுத்தமான சாம்பல் நிறம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பத்தாம் நிமிடம் கயிறுகள் அவிழ்ந்தன.
தெய்வாத்தாள் இருந்த இடத்தில் யாரோ காளான் விற்றார்கள்.
பத்தரை வரை நின்று பார்த்தேன்.

திங்கட்கிழமை பொறியாளரிடம் கேட்டேன்,
சனி ராத்திரி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமா.
ஓவர்டைம் யாருங் தர்றது, என்றார்.
தேதிக்கு எதிரே செவ்வாய் என்றே இருக்கிறது.

என் மேசை இழுப்பறையில்
ஒரு ரோஸ் நிறச் சாக்ஸ்.
அதன் ஜோடி மூட்டைக்குள் போய்விட்டது.
இன்னும் காசு கொடுக்கவில்லை.
சாக்ஸுக்கு இடது வலது கிடையாது,
அக்கட்டால இக்கட்டால கிடையாது.
ஆனாலும் அவ்வப்போது எடுத்து
எந்தக் காலுக்கு என்று பார்க்கிறேன்.