பிழை திருத்தம்

"நேற்று நான்காம் பக்கத்தில்
சுரங்கத்தின் ஆழம் நாற்பது மீட்டர் என்று வந்துவிட்டது.
பதினான்கு என்று வாசிக்கவும். வருந்துகிறோம்."

இது அச்சாகும்.
ரெவாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாங்கனீஸ் மலைக்கு அடியில் முப்பத்தோரு வீடுகள்.
இரவில் வெடி வைத்தால்
அலமாரிக் குவளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும்.
சுவர் விரிசலில் இருபது தெத்ரி நாணயத்தைச்
செருகிக் காட்டினாள்.
போன மாதம் நுழையவில்லை என்றாள்.

வால்நட் ஜாம் ஒரு பாட்டில் நீட்டினாள். மறுத்தேன்.
முகம் சுண்டிப்போயிற்று.
நின்றபடியே ஒரு கரண்டி தின்றேன்.
எங்கள் விதிப்புத்தகத்தில்
பாட்டிலைப் பற்றி உண்டு, கரண்டியைப் பற்றி இல்லை.

"பெயர் போடாதே,
மைத்துனன் அங்கேதான் லாரி ஓட்டுகிறான்."

போடவில்லை.
வயதை எடுத்தேன். நீலக் கதவை எடுத்தேன்.
தாங்கித் தாங்கி நடக்கும் இடக்காலை,
ஒற்றைக் கொம்புப் பசுவை.
முப்பத்தோரு வீட்டில் பசுவே முகவரி.
"இதில் ஆளே இல்லையே,
விரிசலா பேசுகிறது?" என்றார் ரெவாஸ்.

ஆகவே ஒரு வாக்கியத்தை விட்டுவைத்தேன்.
காற்றைப் பற்றி அவள் சொன்னது.
மேற்கோள் குறிக்குள், ஓர் எழுத்தும் மாறாமல்.
உண்மை என்பதற்காக என்று
அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.
அழகாயிருந்தது, அதனால்தான்.

செவ்வாய் செய்தி வந்தது.
புதன், ரொட்டிக் கடையில்
யாரோ உரக்க வாசிக்க
கடையே சிரித்ததாம்.
வன்மமில்லாத சிரிப்பு.
அந்த ஊரில் அப்படிச் சொல்லும் வாய் ஒன்றுதான்.
சிரிப்பு மலையேறி மேலாளர் அறைக்குப் போக
இரண்டு நாள் ஆனது.
வெள்ளிக்கிழமை மைத்துனனிடம்
லாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

போன் செய்தேன். அவள் திட்டவில்லை.
"நீதான் பெயர் போடவில்லையே" என்றாள்,
எனக்கு ஆறுதலாக.

இதற்கும் ஒரு திருத்தம் எழுதிப் பார்த்தேன்,
நான்கு தடவை.
எப்படி எழுதினாலும்
வருத்தம் தெரிவிக்க ஒரு விரல் நீள்கிறது,
நீண்ட விரல் அவள் வீட்டில் போய் நிற்கிறது.
ஒலிப்பதிவை அழிக்கவும் முடியாது. ஆதாரம்.

ஆகவே நாற்பது பதினான்காகும்.
அதோடு சரி.

வாசிக்கிறவருக்கு:
கதவு நீலமில்லை. கால் இடக்கால் இல்லை.
பசு பசுவே இல்லை.
காற்று என்றேனே, காற்றைப் பற்றியும் இல்லை.
செய்தியில் இப்படிச் செய்தால் என் வேலை போகும்,
போகவும் வேண்டும்.

நாணயம் மட்டும் நிஜம்.
மறுபடி போய் வீடு வீடாகச் செருகிப் பார்த்தேன்.
இருபத்தெட்டில் நுழைந்தது.
மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை.
அந்த மூன்றில் ஒன்றா என்று
கேட்காதீர்கள்.